லப்டொப்புக்குள் இருக்கிற பேப்பர் பை: வெளியில் இருந்து வேலை செய்பவர்களுக்கு ஒரு பாடம்



இந்த வார எபிசோட்டில் பொது இடங்களில் லப்டொப் களவு போவதைப் பற்றிக் கதைத்தோம். நேரம் காணாமல் கன விஷயங்களை மேலோட்டமாகத்தான் தொட முடிந்தது. எந்த மெனுவுக்குள் போய் எதை அழுத்துவது என்பதைக் காதால் கேட்டு நினைவில் வைப்பதும் கஷ்டம். அதனால் முழுப் பாடத்தையும் இங்கே எழுத்தில் தருகிறேன். வாசித்து முடித்த பிறகு, "முதல் ஒரு மணித்தியாலம்" என்ற பகுதியை மட்டும் போனில் ஸ்கிரீன்ஷொட் எடுத்து வையுங்கோ. லப்டொப் போன பிறகு லப்டொப்பில் இருக்கிற நியூஸ்லெட்டரைத் திறக்கேலாது.

அதற்குள் இருக்கிறது ஆருடைய வாழ்க்கை?

மார்க்கத்திலும் ஸ்காபரோவிலும் வளர்ந்த எங்களில் கனபேருக்கு வீட்டில் சம்பளமில்லாத ஒரு உத்தியோகம் இருக்கு. நாங்கள்தான் வீட்டு கிளார்க். அப்பாவின்ட வருமான வரி, அம்மாவின்ட வேலைப் படிவம், அம்மம்மாவின்ட சுப்பர் விசா விண்ணப்பம், ஊர்க் காணி உறுதியின்ட ஸ்கான், எல்லாருடைய கடவுச்சீட்டுப் படம், சின் நம்பர் எல்லாம் எங்கட லப்டொப்பில் "டவுன்லோட்ஸ்" ஃபோல்டருக்குள்தான் கிடக்குது. எங்கட வீட்டிலும் அப்படித்தான்.

யுத்த காலத்தில் இலங்கையில் இருந்த ஒருவரிடம் பேப்பர் பையைப் பற்றிக் கேட்டுப் பாருங்கோ. பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, காணி உறுதி, படிப்புச் சான்றிதழ் எல்லாம் ஒரு பையில் எப்பவும் ஆயத்தமாக இருக்கும். 1995 ஒக்டோபர் 30 அன்று வலிகாமத்தில் இருந்து லட்சக்கணக்கான சனம் தென்மராட்சிப் பக்கம் இடம்பெயர்ந்தபோது, கட்டில் மேசையை விட்டுவிட்டு வந்தவர்களும் அந்தப் பையைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார்கள். பேப்பர் இல்லாவிட்டால் நீ ஆர் என்று நிரூபிக்கவே முடியாது என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

அந்தப் பை இப்ப உங்கட லப்டொப்புக்குள் வந்துவிட்டது. பையைத் தேத்தண்ணிக் கடை மேசையில் வைத்துவிட்டு ஒருவரும் கை கழுவப் போனதில்லை. லப்டொப்பை வைத்துவிட்டுப் போகிறோம்.

ஒரு லப்டொப் களவு போனால் உண்மையில் மூன்று நட்டம் இருக்கு. ஒன்று, இயந்திரத்தின் விலை. இரண்டு, வேறு எங்கும் பிரதி இல்லாத உங்கட வேலை. மூன்று, உள்ளே இருப்பதை வேறு ஆரோ வாசிப்பது. மூன்றுக்கும் மூன்று வேறு மருந்து. கனபேர் முதலாவதை மட்டும் யோசித்துப் பூட்டு வாங்குவார்கள். மூன்றையும் ஒழுங்காகப் பார்ப்போம்.

களவு எப்படி நடக்குது

பொது இடத்துக் களவு சினிமாவில் வருவது மாதிரி இல்லை. லைப்ரரியில் வோஷ்ரூமுக்குப் போய் வருகிற நாலு நிமிஷம். கோப்பிக் கடையில் ஓடரை எடுக்கக் கவுண்டருக்குப் போகிற ஒரு நிமிஷம். கோ ட்ரெயினில் கதவுக்குப் பக்கத்தில் இருந்து வேலை செய்யும்போது, கதவு மூடப் போகிற நேரம் ஒரு கை பறித்துக்கொண்டு இறங்குகிறது. கதிரைக்குப் பின்னால் கொழுவின பை. எல்லாமே கண்ணுக்குத் தெரிகிற பொருளை, கை எட்டுகிற நேரத்தில், வெளியேற வழி இருக்கிற இடத்தில் எடுப்பதுதான்.

அதனால் இருக்கிற இடத்தைத் தெரிவு செய்யுங்கோ. வாசலுக்கும் ட்ரெயின் கதவுக்கும் பக்கத்தில் வேண்டாம். முதுகு சுவர்ப் பக்கம் இருக்கட்டும். பை தரையில் இருந்தால் அதன் பட்டிக்குள் உங்கட காலை விடுங்கோ. அங்கிஸ் கிளென் லைப்ரரியோ, ஆனீன் சென்டரோ, யூனியன்வில்லில் யோர்க் யூனிவர்சிட்டியின் புது மார்க்கம் வளாகமோ, எல்லாத்துக்கும் இதே விதிதான். நல்ல இடம், அமைதியான இடம் என்பது பாதுகாப்பு இல்லை. அமைதியான இடத்தில்தான் நாங்கள் கவனத்தை விடுகிறோம்.

"பக்கத்தில் இருக்கிறவரைப் பார்க்கச் சொல்லலாமா?" என்று ஒருவர் கேட்டிருந்தார். இதற்கு ஒரு பழைய ஆராய்ச்சி இருக்கு. தோமஸ் மொரியார்ட்டி என்ற உளவியலாளர் நியூயோர்க் கடற்கரையில் செய்த சோதனை, 1975இல் வெளிவந்தது. ஆராய்ச்சியாளர் ஒருவர் ரேடியோவைத் துண்டில் வைத்துவிட்டு எழும்பிப் போவார். இன்னொருவர் கள்ளன் மாதிரி வந்து அதைத் தூக்குவார். சாமானைப் பார்க்கச் சொல்லாமல் போன 20 தடவையில், பக்கத்தில் இருந்தவர்களில் 4 பேர்தான் கள்ளனைத் தடுத்தார்கள். "என்ட சாமானைக் கொஞ்சம் பாருங்கோ" என்று சொல்லிவிட்டுப் போன 20 தடவையில் 19 பேர் தடுத்தார்கள்.

ஒரு வசனம் அவ்வளவு வேலை செய்யுது. கூச்சப்படாமல் கேளுங்கோ. ஆனால் இது இரண்டாவது தெரிவுதான். லப்டொப்பை மடித்துக் கையோடு கொண்டு போவதுதான் முதல் தெரிவு. மேசை போய்விடும் என்ற பயம் இருந்தால் ஜக்கெற்றையோ கொப்பியையோ விட்டுவிட்டுப் போங்கோ.

கேபிள் பூட்டு பற்றி: லப்டொப்பின் பக்கத்தில் சின்னதாக ஒரு ஓட்டை இருந்தால் அது கென்சிங்டன் பூட்டுக்கான இடம். மேசைக் காலில் கேபிளைச் சுற்றிப் பூட்டலாம். வெட்டும் கருவியோடு வருகிறவனை அது நிறுத்தாது. கையை நீட்டித் தூக்குகிறவனை நிறுத்தும். பொது இடத்தில் வருகிறது பெரும்பாலும் இரண்டாவது ஆள்தான். மக்புக் எயார் மாதிரி மெல்லிய லப்டொப்புகளில் இந்த ஓட்டையே இல்லை. அதற்குத் தனியாக ஒட்டுகிற பிளேற் வாங்க வேணும்.

கார் இன்னொரு பிரச்சினை. சீற்றில் லப்டொப் பையை விடக் கூடாது என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் மார்க்வில் மோலின் பார்க்கிங்கில் வந்து நின்ற பிறகு பையை எடுத்து ட்ரங்குக்குள் வைப்பதும் பிழை. பார்த்துக்கொண்டு நிற்கிறவனுக்கு எங்கே இருக்குது என்று நீங்களே காட்டிக் கொடுக்கிறீங்கள். ட்ரங்குக்குள் வைப்பதென்றால் வீட்டில் இருந்து வெளிக்கிட முதலே வையுங்கோ.

படலைக்குப் பூட்டு, வேலியில் பொட்டு

2007 ஜனவரியில் ரொறன்ரோ சிக்கிட்ஸ் வைத்தியசாலையின் லப்டொப் ஒன்று களவு போனது. ஆராய்ச்சி செய்யும் வைத்தியர் ஒருவர் வீட்டில் இருந்து வேலை செய்வதற்காக அதை எடுத்துக்கொண்டு போனார். வழியில் நிறுத்தியிருந்த வாகனத்தில் இருந்து அது போய்விட்டது. உள்ளே சுமார் 2,900 நோயாளிகளின் விபரங்கள். லப்டொப்பில் பாஸ்வேர்ட் இருந்தது. ஆனால் தகவல்கள் மறையாக்கம், அதாவது என்கிரிப்ஷன், செய்யப்படவில்லை.

ஒன்ராறியோவின் அப்போதைய தகவல், அந்தரங்க ஆணையாளர் ஆன் கவூக்கியன் அந்த ஆண்டு மார்ச்சில் இதற்கு ஒரு கட்டளை பிறப்பித்தார். அதன் சாரம்: ஆளை அடையாளம் காட்டும் மருத்துவத் தகவலைக் கையில் கொண்டு திரியும் கருவியில் வைப்பதென்றால் அது மறையாக்கம் செய்யப்பட்டிருக்க வேணும். லொகின் பாஸ்வேர்ட் மட்டும் போதாது.

ஏன் போதாது? எங்கட ஊர்ப் படலையை நினைத்துப் பாருங்கோ. படலைக்குப் பெரிய பூட்டு. பக்கத்தில் கிடுகு வேலியில் ஆள் போகிற அளவுக்குப் பொட்டு. பூட்டை உடைக்க வேண்டிய தேவையே இல்லை. விண்டோஸ் கேட்கிற பாஸ்வேர்ட் அந்தப் படலைப் பூட்டுத்தான். லப்டொப்பைத் திறந்து உள்ளே இருக்கிற டிரைவைக் கழற்றி இன்னொரு கொம்பியூட்டரில் கொழுவினால், அல்லது யூஎஸ்பி ஸ்டிக்கில் இருந்து வேறொரு இயங்குதளத்தை ஓட விட்டால், ஃபைல்கள் அப்படியே வாசிக்கக் கூடியதாக இருக்கும். அங்கே ஒருவரும் பாஸ்வேர்ட் கேட்கமாட்டார்கள்.

மறையாக்கம் செய்தால் டிரைவில் இருப்பதெல்லாம் குழம்பிய எழுத்துத்தான். திறப்பு இல்லாமல் அதற்கு அர்த்தமே இல்லை. டிரைவைக் கழற்றினாலும் அதே நிலைதான். வேலியில் பொட்டே இல்லை.

லப்டொப் மட்டும் இல்லை. 2009 டிசம்பரில், எங்களுக்குப் பக்கத்து டர்ஹம் பகுதியின் சுகாதாரத் திணைக்களத்தில் ஒரு யூஎஸ்பி ஸ்டிக் தொலைந்தது. எச்1என்1 தடுப்பூசி போட்ட 83,524 பேருடைய விபரம் அதில் இருந்தது. மறையாக்கம் இல்லை. விரல் அளவு சாமான் ஒன்று.

மறையாக்கத்தைப் போடுவது எப்படி

விண்டோஸ் 11: செற்றிங்ஸ், பிறகு பிரைவசி அண்ட் செக்கியூரிட்டி, பிறகு டிவைஸ் என்கிரிப்ஷன். "ஒன்" என்று இருக்க வேணும். ப்ரோ பதிப்பில் பிற்லொக்கர் என்ற பெயரில் இன்னும் கூடுதலான வசதிகளோடு இருக்கும். புது லப்டொப்புகள் பலவற்றில் மைக்ரோசொஃப்ட் கணக்கோடு உள்ளே போனவுடன் இது தானாகவே போடப்பட்டிருக்கும். ஆனாலும் ஒருக்கால் கண்ணால் பாருங்கோ.

மக்: சிஸ்டம் செற்றிங்ஸ், பிரைவசி அண்ட் செக்கியூரிட்டி, ஃபைல்வோல்ட். அதைப் போடுங்கோ.

குரோம்புக்: ஆரம்பத்தில் இருந்தே மறையாக்கத்தோடுதான் வருகிறது.

கவனிக்க வேண்டியது மீட்புத் திறப்பு, அதாவது ரிகவரி கீ. விண்டோஸ் சில நேரம் பெரிய அப்டேற்றுக்குப் பிறகோ ஒரு பாகம் மாற்றின பிறகோ அதைக் கேட்கும். அந்த நேரம் திறப்பு இல்லாவிட்டால் உங்கட ஃபைலை உங்களாலேயே திறக்க முடியாது. அது மைக்ரோசொஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்குதா என்று பாருங்கோ. அதோட ஒரு தாளில் அச்சிட்டு வீட்டில், அம்மாவின்ட சான்றிதழ் ஃபைலுக்குள்ளேயே வையுங்கோ. லப்டொப் பைக்குள் வைக்காதீங்கோ.

திறந்த திரைக்கு மறையாக்கம் உதவாது

2013 ஒக்டோபர் 1, சான் பிரான்சிஸ்கோவின் கிளென் பார்க் பொது லைப்ரரி. "சில்க் ரோட்" என்ற கள்ளச் சந்தையை நடத்திய ரொஸ் உல்பிரிக்ட் அங்கே மேசையில் லப்டொப்போடு இருக்கிறார். அவருடைய லப்டொப் மறையாக்கம் செய்யப்பட்டது, மூடினால் எஃப்பிஐயால் திறக்க முடியாது. அதனால் அவர்கள் மூடவிடவில்லை. பின்னால் ஒரு ஆணும் பெண்ணும் சண்டை பிடிக்கிற மாதிரி நடித்தார்கள். அவர் திரும்பிப் பார்த்த அந்தச் செக்கனில் லப்டொப்பை இழுத்தெடுத்தார்கள். திரை திறந்தபடி. உள்ளே இருந்ததெல்லாம் பிறகு வழக்கில் சாட்சியாக வந்தது.

அங்கே பறித்தது பொலிஸ், பறிகொடுத்தது குற்றவாளி. ஆனால் அந்த முறையைக் கவனியுங்கோ. லைப்ரரி, பின்னால் ஒரு சத்தம், திரும்பின தலை, திறந்த திரை. கோப்பிக் கடைக் கள்ளனுக்கும் இது பொருந்தும். லப்டொப் திறந்திருக்கும்போது பறித்தால் ஈமெயில் திறந்திருக்கு, புரவுசரில் பாஸ்வேர்ட்கள் இருக்கு, பல தளங்களில் ஏற்கெனவே உள்ளே போயிருக்கிறீங்கள்.

அதனால் மூன்று பழக்கம் வேணும். எழும்பினால் பூட்டு: விண்டோஸில் விண்டோஸ் கீயோடு எல், மக்கில் கொன்ட்ரோல், கொமாண்ட், கியூ. இரண்டு நிமிஷம் தொடாவிட்டால் திரை தானாகப் பூட்டும்படி செற்றிங்ஸில் வையுங்கோ. ட்ரெயினிலோ காரிலோ கொண்டு போகும்போது ஸ்லீப்பில் விடாமல் முழுவதாக ஷட் டவுன் செய்யுங்கோ. மறையாக்கம் கூடுதலாகப் பலம் உள்ளது அந்த நிலையில்தான். புரவுசருக்குள் பாஸ்வேர்ட்களைச் சேமிக்காமல், தனிப் பூட்டு உள்ள பாஸ்வேர்ட் மனேஜர் ஒன்றைப் பாவித்தால் இன்னும் நல்லது.

ஒரே பிரதி ஒரு பிரதியே இல்லை

மறையாக்கம் மற்றவன் வாசிப்பதைத் தடுக்கும். உங்கட வேலையைத் திருப்பித் தராது. செமஸ்டர் கடைசியில் போன எசேயையும், அப்பப்பா ஊர்க் கதை சொல்ல நீங்கள் எடுத்த ஒலிப்பதிவையும் இன்சூரன்ஸ் காசால் வாங்கேலாது.

வழமையான விதி 3-2-1: மூன்று பிரதி, இரண்டு வகைச் சேமிப்பு, அதில் ஒன்று வீட்டுக்கு வெளியே. நடைமுறையில் லப்டொப்பில் ஒன்று, வீட்டில் வெளி டிரைவ் ஒன்றில் ஒன்று, கிளவுட்டில் ஒன்று. வெளி டிரைவையும் மறையாக்கம் செய்யுங்கோ, டர்ஹம் யூஎஸ்பியை நினைவில் வைத்து. அதை லப்டொப் பைக்குள் கொண்டு திரியாதீங்கோ. பை போனால் இரண்டும் சேர்ந்து போகும். வன்டிரைவ், ஐகிளவுட் மாதிரி ஒத்திசைவுச் சேவை மட்டும் போதாது. ஒரு பக்கம் அழிந்தால் மற்றப் பக்கமும் அழியும். அழிந்ததை மீட்கக் குறிப்பிட்ட காலம்தான் தருவார்கள்.

இதோடு சேர்த்து ஒரு துப்புரவு வேலை. குடும்பத்தின் கடவுச்சீட்டு, சின், வரிப் பத்திரம் எல்லாவற்றையும் டவுன்லோட்ஸில் இருந்து எடுத்து, வீட்டில் இருக்கிற மறையாக்கம் செய்த டிரைவுக்கு மாற்றுங்கோ. நாளாந்தம் வெளியில் கொண்டு போகிற லப்டொப்பில் அவை இருக்கத் தேவையில்லை. வரி செய்யும் காலத்தில் எடுத்துப் பாவித்துவிட்டுத் திருப்பி வைக்கலாம்.

இன்றைக்கே எழுதி வைக்க வேண்டியது

மொடல் பெயர், சீரியல் நம்பர், வாங்கின ரசீது. சீரியல் நம்பர் பெரும்பாலும் அடிப்பக்கத்தில் இருக்கும். மக்கில் "எபவுட் திஸ் மக்" என்பதில் இருக்கும். மூன்றையும் படமெடுத்து உங்களுக்கே ஈமெயில் அனுப்புங்கோ. பொலிஸும் இன்சூரன்ஸும் கேட்கிற முதல் கேள்வி அதுதான்.

"ஃபைண்ட் மை" அல்லது விண்டோஸின் "ஃபைண்ட் மை டிவைஸ்" போட்டிருக்கா என்று பாருங்கோ. புதிய மக்குகளில் ஃபைண்ட் மை போட்டிருந்தால், உங்கட அப்பிள் கணக்கு இல்லாமல் களவெடுத்தவனால் அதைப் புதிதாக அமைத்துப் பாவிக்க முடியாது.

வீட்டு இன்சூரன்ஸ், வாடகைக்காரர் இன்சூரன்ஸ் பலவற்றில் வீட்டுக்கு வெளியே களவு போன சாமானுக்கும் காப்பு இருக்கு. ஆனால் டிடக்டிபிள் எவ்வளவு என்று பாருங்கோ. டிடக்டிபிள் 1,000 டொலர், லப்டொப் 900 டொலர் என்றால் ஒரு சதமும் வராது.

முதல் ஒரு மணித்தியாலம்

1. பின்னால் ஓடாதீங்கோ. கண் முன்னால் பறித்தாலோ, மிரட்டினாலோ 911. லைப்ரரி என்றால் ஊழியரிடம் உடனே சொல்லுங்கோ. கமரா இருக்கலாம்.

2. போனில் இருந்து ஃபைண்ட் மை அல்லது மைக்ரோசொஃப்ட் கணக்குக்குப் போய் லப்டொப்பைப் பூட்டுங்கோ.

3. வரைபடத்தில் இடம் தெரிந்தாலும் அங்கே போகாதீங்கோ. 2015 ஜூனில் ஒன்ராறியோவின் லண்டன் நகரத்தில், தொலைந்த போனை அப்பில் தேடிப் போன 18 வயதுப் பெடியன் ஒருவன் சுட்டுக் கொல்லப்பட்டான். ஒரு போனுக்காக. இடத்தைப் பொலிஸிடம் கொடுங்கோ.

4. ஈமெயில் பாஸ்வேர்டை முதலில் மாற்றுங்கோ. மற்ற எல்லாக் கணக்கையும் மீட்கும் வழி ஈமெயில்தான். பிறகு "எல்லாக் கருவியிலும் வெளியேறு" என்பதை அழுத்துங்கோ. அடுத்தது வங்கி, அடுத்தது வரித் திணைக்களக் கணக்கு.

5. பொலிஸ் முறைப்பாடு. ஸ்டீல்ஸ் அவெனியூதான் எல்லை. வடக்குப் பக்கம், பசிபிக் மோல் உட்பட, யோர்க் பிராந்தியப் பொலிஸ். தெற்கே ஸ்காபரோ, ரொறன்ரோ பொலிஸ். வீடு எங்கே என்பது முக்கியமில்லை, களவு எங்கே நடந்தது என்பதுதான் கணக்கு. 5,000 டொலருக்கு உட்பட்ட, ஆர் எடுத்தது என்று தெரியாத களவை இணையத்திலேயே பதியலாம். முறைப்பாட்டு இலக்கத்தைக் கவனமாக வையுங்கோ.

6. வேலைத்தலத்தின் அல்லது பள்ளியின் லப்டொப் என்றால் அவர்களின் ஐடி பகுதிக்கு அன்றைக்கே சொல்லுங்கோ.

7. மறையாக்கம் இல்லாத லப்டொப்பில் சின் நம்பர்கள் இருந்திருந்தால், ஈக்விஃபக்ஸ், ட்ரான்ஸ்யூனியன் இரண்டிலும் மோசடி எச்சரிக்கை போடச் சொல்லுங்கோ. உங்களுக்கு மட்டும் இல்லை, அதில் இருந்த ஒவ்வொருவருக்கும்.

அடுத்த சில கிழமைக்கு ஒன்றைக் கவனியுங்கோ. "உங்கட லப்டொப் கிடைத்துவிட்டது, இந்த லிங்கில் உள்ளே வாங்கோ" என்று டெக்ஸ்ட் வரலாம். அப்பிள் அனுப்பினது மாதிரியே இருக்கும். அனுப்புவது களவெடுத்தவன். பூட்டைத் திறக்க உங்கட பாஸ்வேர்ட் அவனுக்கு வேணும்.

வீட்டில் சொல்லுங்கோ

கஷ்டமான பகுதி இதுதான். அம்மா அப்பாவின்ட விபரம் போய்விட்டது என்று சொன்னால் ஏசுவினம் என்று பயந்து பலர் நாட்கணக்கில் மறைக்கிறார்கள். அந்த நாட்களில்தான் ஆரோ அப்பாவின் பெயரில் கடன் அட்டை எடுக்கலாம். தன் பெயருக்கு என்ன நடக்குது என்று தெரிந்துகொள்ள அவருக்கு உரிமை இருக்கு. ஏச்சு ஒரு பின்னேரத்தோடு முடியும். கெட்டுப்போன கிரெடிட்டைத் திருத்த மாதக்கணக்கு எடுக்கும்.

இந்தக் கிழமை வீட்டுவேலை நாலே நாலுதான்: மறையாக்கம் போட்டிருக்கா என்று பாருங்கோ, ரிகவரி கீயை அச்சிடுங்கோ, சீரியல் நம்பரைப் படமெடுங்கோ, குடும்பப் பேப்பர்களை டவுன்லோட்ஸில் இருந்து வெளியே எடுங்கோ. ஒரு மணித்தியாலம் காணும். அப்படியே அம்மாவின்ட, தம்பியின்ட லப்டொப்பையும் ஒருக்கால் பாருங்கோ. வீட்டு கிளார்க் நீங்கள்தானே.

கேள்வி இருந்தால் இந்த ஈமெயிலுக்கே பதில் எழுதுங்கோ, தமிழிலோ தங்கிலீஷிலோ. அடுத்த எபிசோட்டில் எடுத்துக் கதைப்போம்.